அடிலெய்டு டூ உலுரு, முழுக்க டென்ட்லயே: ஸ்டூவர்ட் ஹைவே ரோட் ட்ரிப் முழு வழிகாட்டி

ஆஸ்திரேலியால தெற்கு கடற்கரை நகரம் அடிலெய்டுல இருந்து, நடு பாலைவனத்துல நிக்கற உலுருங்கற பெரிய செம்பாறை வரைக்கும் போற இந்த ரூட்ல நாங்க ரெண்டு தடவ போயிருக்கோம். மொத தடவ வாடகை காரு, ஆறே நாள்ல போயிட்டு திரும்பி வந்துட்டோம், ஒண்ணத்தையும் உருப்படியா பாக்கல, பின்சீட்ல பசங்க சண்டைய கேட்டுகிட்டே 3,000 கிலோமீட்டர் ஓட்டினதுதான் மிச்சம். ரெண்டாவது தடவ சொந்த காரு, 12 நாளு, நானு வீட்டுக்காரரு ரெண்டு பசங்க, ஒரு டென்ட். அது சரியா அமைஞ்சுது. அதனால ஃப்ரெண்ட்ஸ் யாராவது அவுட்பேக் (ஆள் நடமாட்டம் கம்மியான உள்நாட்டு வறண்ட பகுதி) போறோம்னு சொன்னா ஒவ்வொரு தடவையும் போன்ல ஒரு மணி நேரம் பேசறேன், அதையே இங்க எழுதி வச்சிடறேன்.

மொதல்ல ஒரு பயத்த போக்கிடறேன். இதுக்கு பெரிய ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் வேணாம். அடிலெய்டுல இருந்து உலுரு வரைக்கும், அங்கிருந்து கிங்ஸ் கேன்யன்ங்கற பள்ளத்தாக்கு வரைக்கும், முழுக்க தார் ரோடு. சாதாரண எஸ்யூவி போதும், சிடான்ல போற ஆளுங்களையும் பாத்தோம். ஊட்நடட்டா ட்ராக், மெரீனி லூப் மாதிரி மண் ரோட்டுல எறங்கறதா இருந்தாதான் வண்டி கத வேற. மொத ட்ரிப்ல அந்த ஆசையே வேணாம்.

1. எப்ப போறது

மே கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும். கோடையில (அங்க கோடைன்னா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி, நம்ம ஊருக்கு தலைகீழ்) 40 டிகிரிக்கு மேல கொளுத்தும், டென்ட்ல படுக்கவே முடியாது, நடக்கற பாதையெல்லாம் காலைலயே மூடிடுவாங்க. உலுரு பக்கத்துல கட்டா ட்ஜூட்டாங்கற பாறைக் கூட்டத்துல இருக்கற வேலி ஆஃப் த விண்ட்ஸ் (காத்துப் பள்ளத்தாக்கு) நடை, அன்னிக்கு 36 டிகிரி வரும்னு ஃபோர்காஸ்ட் இருந்தாலே காலைல 11 மணிக்கு க்ளோஸ். குளிர்காலத்துல பகல் 20 டிகிரி, நீல வானம், அருமையா இருக்கும், ஆனா ராத்திரி ஜீரோவுக்கு கீழ போகும். பாலைவனம்னா சூடுதான்னு நெனச்சு ஒரு ஸ்வெட்டரோட கெளம்பிடாதீங்க, நாங்க அப்படித்தான் மொத தடவ போய் நடுங்கினோம்.

ஸ்கூல் லீவுல போறதா இருந்தா யூலாரா கேம்ப்கிரவுண்ட மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ணிடுங்க. மத்த எடமெல்லாம் பாத்துக்கலாம், யூலாரா மட்டும் கெடைக்காது, ஏன்னா நேஷனல் பார்க்குக்குள்ள கேம்ப் பண்ண முடியாது, வெளிய இருக்கற அந்த ஒரே ஊர்லதான் எல்லாரும் தங்கணும்.

2. ரூட்ட டேங்க் கணக்குல பிரிக்கறது

நம்ம ஊர் ட்ரிப் மாதிரி "இந்த ஊர் பாத்துட்டு அந்த ஊர்"னு ப்ளான் பண்ணா இங்க ஒத்து வராது. பெட்ரோல் எங்க கெடைக்கும், அடுத்தது எவ்வளவு தூரம், பொழுது சாயறதுக்குள்ள எங்க போய் நிப்போம், இது மூணுதான் ப்ளான். ஒரு பேப்பர்ல எழுதி டேஷ்போர்டுல ஒட்டிடுங்க, போன்ல சிக்னல் இருக்காது.

அடிலெய்டுல இருந்து போர்ட் அகஸ்டா சுமார் 310 கி.மீ. பெரிய ஊரு, சூப்பர்மார்க்கெட் எல்லாம் இருக்கு, கடைசியா நியாயமான வெலைக்கு சாமான் வாங்கற எடம் இதுதான். அங்கிருந்து பிம்பா 170, பிம்பால இருந்து க்ளெண்டாம்போ 110 சொச்சம், அதுக்கப்புறம் கூபர் பீடி வரைக்கும் 250 கி.மீ.க்கு ஒண்ணுமே கெடையாது. ஒண்ணுமேன்னா நெசமாவே ஒண்ணும் இல்ல, பங்க் இல்ல, கட இல்ல, வீடு இல்ல. கூபர் பீடில இருந்து மார்லா 235, மார்லால இருந்து பார்டர் தாண்டி (சவுத் ஆஸ்திரேலியா முடிஞ்சு நார்தர்ன் டெரிட்டரி ஆரம்பிக்கற எடம்) குல்கேரா 180, அப்புறம் எர்ல்டண்டா 75. அங்க லெஃப்ட் எடுத்து லாசெட்டர் ஹைவேல 245 கி.மீ. போனா யூலாரா.

டேங்க் பாதிக்கு வந்துட்டா அடுத்த பங்க்ல ரொப்பிடணும், "இன்னும் 300 ஓடும்னு காட்டுதே"ன்னு விட்டுட்டு போகக் கூடாது. மேல ரூஃப் பாக்ஸ், உள்ள நாலு பேர், எதிர்க்காத்து, 110ல ஓட்டினா எங்க காரு சிட்டில குடிக்கறத விட ஜாஸ்தி குடிச்சுது. அதோட ஒரு ரோட்ஹவுஸ்ல (ஹைவேயோரமா பங்கும் சாப்பாட்டு கடையும் சேந்த எடம்) ஸ்டாக் தீந்திருக்கலாம், கார்டு மெஷின் வேல செய்யாம இருக்கலாம், கைல கொஞ்சம் கேஷ் வச்சுக்கோங்க. நார்தர்ன் டெரிட்டரி பக்கம் சாதா அன்லெடடுக்கு பதிலா ஓபல்னு ஒரு பெட்ரோல் இருக்கும். பெட்ரோல மோந்து போதையாகற பழக்கத்த தடுக்கறதுக்காக 2005ல கொண்டு வந்தது. 91 ஆக்டேன் பெட்ரோல் போடற வண்டிக்கு அத தாராளமா போடலாம், பயப்பட வேணாம்.

எங்க 12 நாள் இப்படிதான் போச்சு: மொத ராத்திரி லேக் ஹார்ட், ரெண்டு ராத்திரி கூபர் பீடி, ஒரு ராத்திரி எர்ல்டண்டா, மூணு ராத்திரி யூலாரா, ரெண்டு ராத்திரி கிங்ஸ் கேன்யன், திரும்பும்போது மார்லாவும் பிம்பாவும். இதுலயும் திரும்பற மூணு நாள் ஓட்டம் கொஞ்சம் இடுப்ப ஒடிச்சுது, ஒரு நாள் கூட இருந்தா நல்லாருக்கும்.

3. வண்டி

சொந்த வண்டின்னா கெளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சர்வீஸ் விடுங்க, மொத நாள் விடாதீங்க, ஏதாவது லூசா விட்டிருந்தா ஊருக்குள்ளயே தெரியட்டும். ஸ்பேர் டயர எறக்கி பாருங்க. நெறைய புது வண்டில ஸ்பேரே கெடையாது, ஒரு பம்பும் பசையும்தான் குடுத்திருப்பாங்க, இல்லன்னா 80க்கு மேல ஓட்டக் கூடாத ஒல்லி டயர். 250 கி.மீ. சூனியத்துல அது போதாது, முழு சைஸ் ஸ்பேர் ஒண்ணு ஏற்பாடு பண்ணுங்க. அப்புறம் வீட்டு வாசல்லயே ஒரு தடவ டயர கழட்டி மாட்டி பாருங்க. கேக்க சில்லியா இருக்கும், ஆனா எங்க வண்டில வீல் லாக் நட்டுக்கு தனி சாவின்னு ஒண்ணு இருக்கறதே அப்பதான் தெரிஞ்சுது, அது கராஜ்ல ஏதோ ஒரு டப்பாக்குள்ள கெடந்துது. அது இல்லாம போயிருந்தா ஸ்பேர் இருந்தும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

வாடகை வண்டின்னா அந்த அக்ரிமென்ட்ட உக்காந்து முழுசா படிங்க. மண் ரோட்ல போகக் கூடாது, ஊருக்கு வெளிய இருட்டினப்புறம் ஓட்டக் கூடாது, மிருகம் மோதினா கவர் கெடையாது, இப்படி என்னென்னமோ இருக்கும். மொத தடவ எதிர்ல வந்த லாரி சக்கரத்துல இருந்து ஒரு கல்லு தெறிச்சு விண்ட்ஷீல்டுல நச்சுனு விழுந்துது, சின்னதா ஒரு நட்சத்திரம் மாதிரி, மறுநாள் குளிர்ல அது ஒரு மொழத்துக்கு விரிஞ்சு போச்சு. "ஃபுல் கவர்"னு கவுன்டர்ல சொன்னதுல கண்ணாடி சேர்த்தி இல்லன்னு திருப்பி குடுக்கும்போதுதான் தெரிஞ்சுது. எழுத்துல என்ன இருக்கோ அதுதான் கணக்கு, வாயில சொன்னது இல்ல.

ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, எத்தன கி.மீ. வரைக்கும் டோ பண்ணுவாங்கன்னு பாருங்க. சிட்டி ப்ளான்ல ரொம்ப கம்மியாதான் இருக்கும், ஒரு வருஷத்துக்கு மட்டும் பெரிய ப்ளானுக்கு மாத்திக்கறது புத்திசாலித்தனம்.

4. தண்ணி, சிக்னல், உசுரு

ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர்னு கணக்கு, குடிக்க சமைக்க கழுவ எல்லாம் சேத்து. ஒரே பெரிய கேன்ல வைக்காதீங்க, ஓட்ட விழுந்தா மொத்தமும் போச்சு, ரெண்டு மூணு கேனா பிரிச்சு வைங்க. வண்டி நின்னு போயி மாட்டிகிட்டா குடிக்கறதுக்குன்னே ஒரு கேன தொடாம கடைசி வரைக்கும் வச்சிருக்கணும்.

டெல்ஸ்ட்ரா சிம் ஒண்ணாவது வண்டில இருக்கட்டும், அதுதான் ஊர்கள்ல நல்லா எடுக்கும், ஊருக்கு நடுவுல அதுவும் எடுக்காது. அதனால நாங்க ஒரு பிஎல்பி வாங்கினோம், கைக்குள்ள அடங்கற பீக்கன், பட்டன அழுத்தினா சாட்டிலைட் வழியா மீட்புக் குழுவுக்கு நாம இருக்கற எடம் போயிடும். அத ஆம்சாகிட்ட (ஆஸ்திரேலிய அரசோட கடல் பாதுகாப்பு அமைப்பு) ரெஜிஸ்டர் பண்ணணும், ஃப்ரீதான். ஒரு யூஎச்எஃப் ரேடியோவும் வச்சுக்கோங்க, சேனல் 40ல லாரி டிரைவருங்க பேசிக்குவாங்க.

வண்டி நின்னு போச்சுன்னா வண்டிய விட்டு நகரவே கூடாது. தேடறவங்களுக்கு காரு தெரியும், நடந்து போற ஆளு தெரியாது. பசங்களுக்கும் இத சொல்லி வைங்க. ஹைவேலன்னா எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள்ள யாராவது வந்து நிப்பாட்டி "எல்லாம் ஓகேவா"ன்னு கேப்பாங்க, அந்த ஊர் பழக்கம் அது. நீங்களும் அப்படி நிக்கணும்.

கெளம்பற அன்னிக்கு காலைல ரோடு தெறந்திருக்கான்னு பாருங்க. காஞ்ச ஊருதானேன்னு நெனப்போம், 2022 ஜனவரில மழ பெஞ்சு இந்த ஹைவேயே வெள்ளத்துல துண்டிச்சு போச்சு.

5. டென்டும் படுக்கையும்

டென்ட் எதுவா இருந்தாலும் பரவால்ல, பெக் (டென்ட தரையோட சேத்து அடிக்கற ஆணி) முக்கியம். டென்ட்டோட வர்ற கம்பி பெக்க கூபர் பீடி தரைல அடிச்சா அப்படியே வளைஞ்சிடும், கல்லு மாதிரி தரை. கட்டியான ஸ்டீல் பெக் ஒரு டஜன், நல்ல சுத்தியல் ஒண்ணு. யூலாரால செம்மண்ணு பொசுபொசுன்னு இருக்கும், அங்க நீளமான பெக் வேணும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது கவர்ல ரெண்டு டெம்பரேச்சர் போட்டிருக்கும், ஒண்ணு கம்ஃபர்ட், ஒண்ணு லிமிட். கடைல பெருசா எழுதியிருக்கறது பெரும்பாலும் லிமிட்டுதான், அதுல நீங்க செத்து போக மாட்டீங்க, தூங்கவும் மாட்டீங்க. கம்ஃபர்ட் ஜீரோவோ அதுக்கும் கீழயோ இருக்கறத எடுங்க. காத்தடைச்ச மெத்தை மட்டும் போட்டா கீழ இருந்து குளிரு ஏறும், அதுக்கு மேல ஒரு ஃபோம் மேட்டோ கம்பளியோ விரிங்க. குல்லா போட்டுட்டு படுங்க. அவ்வளவுதான் ரகசியம்.

6. சாப்பாடு

கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வகை கொழம்பு, கொஞ்சம் ராஜ்மா பண்ணி தட்டையான டப்பால ஃப்ரீஸ் பண்ணி ஐஸ் பாக்ஸ்ல அடுக்கிட்டேன், அதுவே ஐஸ்கட்டி மாதிரி மத்ததையும் குளிர வச்சுது, மூணாவது நாள் வரைக்கும் ஓடுச்சு. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இட்லிப் பொடி, அவல், ரவை, சின்ன குக்கர். ரோட்ஹவுஸ்ல பர்கரும் சிப்ஸும் கெடைக்கும், வெல ஜாஸ்தி, சைவம்னா சிப்ஸ் மட்டும்தான்.

அடுப்பு விஷயத்துல நான் பட்ட அவஸ்தைய சொல்றேன். யூலாரால மொத காலைல வெளிய மைனஸ் ரெண்டு, டென்ட் மேல மெல்லிசா பனி உறைஞ்சு கெடக்கு, காபி போடலாம்னு அந்த சாதா ப்யூட்டேன் கேன் அடுப்ப பத்த வைக்கறேன், டிக் டிக்னு சத்தம்தான் வருது, நீல நெருப்பு ஒரு செகண்ட் எட்டிப் பாத்துட்டு அணைஞ்சு போகுது. கேன குலுக்கினா உள்ள நெறைய திரவம் இருக்கு. விஷயம் என்னன்னா ப்யூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்கு கீழ ஆவியாகவே ஆகாது, கேஸா மாறினாத்தான எரியும். கடைசில கேன ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போட்டு பத்து நிமிஷம் மடில வச்சுகிட்டு உக்காந்திருந்தேன், வீட்டுக்காரரு போட்டோ எடுத்துட்டாரு. ப்ரோப்பேன் சிலிண்டர் அடுப்புன்னா இந்த தொந்தரவு இல்ல. ஆனா எவ்வளவு குளிரா இருந்தாலும் டென்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள கொன்னுடும்.

வெறகு மூட்டறதுக்கு முன்னாடி அன்னிக்கு ஃபயர் பேன் (நெருப்பு மூட்ட தடை) இருக்கான்னு பாத்துக்கணும். ராத்திரி சாப்பாட்டு சாமான், குப்பை, செருப்பு மூணையும் வெளிய வைக்காதீங்க. டிங்கோ வந்து தூக்கிட்டு போயிடும், பக்கத்து டென்ட்காரரு ஒத்த ஷூவோட சுத்திட்டு இருந்தாரு.

7. ஓட்டறது

சவுத் ஆஸ்திரேலியால 110, டெரிட்டரிக்குள்ள 130 வரைக்கும் போலாம். நாங்க ரெண்டு பக்கமும் 105லதான் போனோம், பெட்ரோலும் மிச்சம்.

காலைல வெயில் நல்லா ஏறினப்புறம் கெளம்பி சாயங்காலம் 4 மணிக்குள்ள டென்ட் அடிச்சிருக்கணும். இது ஒண்ண மட்டும் மீறவே மாட்டோம். பொழுது சாயற நேரத்துல கங்காரு ரோட்டுக்கு வரும், அது நேரா வராது, ஓரமா ஓடிகிட்டே வந்து கடைசி செகண்ட்ல உள்ள திரும்பும். வேலியே இல்லாததால மாடு, ஈமு, ஒட்டகம் எல்லாம் குறுக்க வரும். எது வந்தாலும் ஸ்டியரிங்க ஒடிக்காதீங்க, நேரா புடிச்சு பிரேக் அடிங்க, ஒடிச்சா வண்டி உருண்டுடும். செத்த கங்காரு ரோட்ல கெடந்தா 80க்கு எறக்கிடுங்க, அதுமேல கழுகு உக்காந்திருக்கும். ரெண்டு மீட்டருக்கு மேல றெக்கை விரிக்கற வெட்ஜ் டெய்ல் கழுகு, வயிறு முட்ட தின்னுட்டு சட்டுனு எழும்ப முடியாம கண்ணாடி உயரத்துக்கே பறக்கும்.

ரோட் ட்ரெயின்னு சொல்ற லாரி 53.5 மீட்டர் நீளம் வரைக்கும் இருக்கும். அது 100ல போகுது, நீங்க 110ல ஓவர்டேக் பண்றீங்கன்னு வைங்க, பின்னாடி முன்னாடி இடைவெளியும் சேத்தா 40 செகண்டுக்கு மேல ஆகும், அதுக்குள்ள ஒரு கிலோமீட்டருக்கு மேல எதிர்ப்பக்கத்துல ஓடியிருப்பீங்க. அவ்வளவு தூரம் காலியா தெரிஞ்சாதான் எறங்கணும். தாண்டும்போது காத்து உள்ள இழுக்கும், ஸ்டியரிங்க கெட்டியா புடிங்க. அவசரம் இல்லன்னா விட்டுடுங்க, அவங்க எப்படியும் அடுத்த ரோட்ஹவுஸ்ல நிப்பாங்க.

எதிர்ல வர்றவங்க ஸ்டியரிங்ல இருந்து ஒத்த வெரல தூக்கி காட்டுவாங்க. திட்டல, வணக்கம் சொல்றாங்க. நீங்களும் தூக்குங்க.

8. எங்க நிக்கறது

லேக் ஹார்ட்: பிம்பா தாண்டி 45 கி.மீ. வாக்குல ரோட்டோரமாவே ஒரு ரெஸ்ட் ஏரியா, காசு இல்ல. கீழ எறங்கினா உப்பு ஏரி, கண்ணுக்கெட்டின வரைக்கும் வெள்ளை. நடுவுல ரயில் பாதை இருக்கு, ரெண்டு பக்கமும் பாத்து தாண்டணும். இந்த ஏரியா வூமெரா ராணுவ எல்லைக்குள்ள வருது, அதனால ரோட்டையும் ரெஸ்ட் ஏரியாவையும் விட்டு இஷ்டத்துக்கு உள்ள போகக் கூடாது. ராத்திரி இருட்டு கெட்டியானப்புறம் மேல பாருங்க. நம்ம ஊர்ல திரிசங்குன்னு சொல்ற சிலுவை நட்சத்திரம் பளிச்சுன்னு இருக்கும், அதுக்கு பக்கத்துல கருப்பா ஒரு திட்டு. அபோரிஜினல் மக்கள், அதாவது அந்த நாட்டு பூர்வகுடிங்க, அந்த கருப்ப ஈமுவோட தலைன்னு சொல்றாங்க, அங்கிருந்து பால்வீதில கருப்பு பட்டையா கழுத்து, ஒடம்பு, காலுன்னு நீளும். நட்சத்திரத்த சேத்து படம் போடாம நட்சத்திரம் இல்லாத எடத்த பாத்து படம் போட்டிருக்காங்க. ஒரு தடவ தெரிஞ்சிட்டா அப்புறம் அது தெரியாம பாக்கவே முடியல, சின்னவன் தினமும் ராத்திரி ஈமு எங்கன்னு தேடினான்.

கூபர் பீடி: 1915ல ஒரு 14 வயசு பையன் ஓபல்ங்கற ரத்தினக் கல்லு கண்டுபுடிச்சதுல இருந்து வந்த ஊரு. பாதி பேரு பூமிக்கடியில கொடஞ்சு வீடு கட்டியிருக்காங்க, சர்ச்சும் அடியிலதான், வெளிய எவ்வளவு கொளுத்தினாலும் உள்ள 24 டிகிரி சுத்தி நிக்கும். பூமிக்கடியிலயே டென்ட் போடற கேம்ப்கிரவுண்டும் இருக்கு, பெக்கே வேணாம். ஊருக்கு வெளிய எங்க பாத்தாலும் மூடாத குழி, போட்டோ எடுக்கறேன்னு பின்னாடி நடக்காதீங்கன்னு போர்டே வச்சிருக்காங்க. பசங்க கைய விடாதீங்க. வடக்க 30 கி.மீ. வாக்குல ப்ரேக்அவேஸ், சாயங்கால வெளிச்சத்துல மலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமா மாறும், ஆனா இருட்டறதுக்குள்ள திரும்பிடணும்.

லாசெட்டர் ஹைவேல போகும்போது லெஃப்ட்ல தட்டையா ஒரு பெரிய மலை தெரியும், எல்லாரும் "உலுரு!"ன்னு கத்துவாங்க. அது மவுண்ட் கானர். நாங்களும் கத்தினோம்.

உலுரு: பார்க் பாஸ் பெரியவங்களுக்கு 38 டாலர், மூணு நாளைக்கு, பசங்களுக்கு ஃப்ரீ. பாறை 348 மீட்டர் உயரம். ஏற முடியாது, 2019 அக்டோபர் 26ல இருந்து ஏறறத நிறுத்திட்டாங்க, 1985ல அதே தேதிலதான் அந்த நெலத்த அங்கத்த பூர்வகுடியான அனங்கு மக்கள்கிட்ட திருப்பி குடுத்தாங்க. ஏற முடியாதது ஒரு கொறையாவே தெரியல. சுத்தி நடக்கறதுதான் விஷயம், 10.6 கி.மீ., சமதரை, எங்களுக்கு நாலு மணி நேரம் ஆச்சு. தூரத்துல மொழுக்குன்னு தெரியற கல்லு கிட்ட போனா செதில் செதிலா, குகையும் பள்ளமுமா இருக்கு, முட்டிட்ஜூலு பக்கம் தண்ணி நிக்குது, மரம் இருக்கு, குருவி கத்துது. சில எடத்துல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கும், அது அவங்க கோயில் மாதிரி, மதிச்சு நடந்துக்கோங்க. டைம் இருந்தா மாலா நடைல ரேஞ்சரு கூட ஃப்ரீயா போற டூர் இருக்கு.

கிங்ஸ் கேன்யன்: யூலாரால இருந்து 300 கி.மீ. ரிம் வாக் (பள்ளத்தாக்கோட மேல் ஓரமா சுத்தி நடக்கறது) 6 கி.மீ., மொதல்லயே 500 படி மூச்சு வாங்கும், அப்புறம் சொர்க்கம். ஓரத்துல கம்பி வேலி கெடையாது, அத மட்டும் ஞாபகம் வைங்க. என்னைக் கேட்டா உலுருவ விட இதுதான் ஒரு படி மேல, வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு.

9. திரும்பி வரும்போது

சவுத் ஆஸ்திரேலியாவுக்குள்ள பழமோ, தக்காளி கத்திரிக்கா மிளகா மாதிரி காயோ கொண்டு வரக் கூடாது, பழ ஈ பிரச்சனைக்காக. ஃபைன் போடுவாங்க. நாங்க குல்கேரால மதியம் நிறுத்தி மிச்சம் இருந்த எல்லாத்தையும், மூணு தக்காளி, வதங்கின கத்திரிக்கா, அரை கொடமொளகா, கைப்பிடி பச்ச மொளகா, மொத்தமா குக்கர்ல போட்டு ஒரு சாம்பார் வச்சோம். ஆப்பிள மட்டும் சாம்பார்ல போட முடியாதேன்னு ஆளுக்கொண்ணு கைல குடுத்து அங்கயே தின்ன சொன்னேன். பக்கத்து டேபிள்ல கேரவன்ல வந்த ஒரு வயசான தம்பதி, அவங்களும் இதே காரணத்துக்காக ஒரு சீப்பு வாழப்பழத்த தின்னு முடிக்க முடியாம பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. ரெண்டு பழத்த பசங்ககிட்ட குடுத்துட்டு ஒரு தட்டு சாம்பார் சாதம் வாங்கிகிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் டென்ட விரிச்சு நல்லா ஒதறி காய வச்சுட்டு மடிங்க, ஜிப்ப எல்லாம் பழைய டூத்பிரஷ்ஷால தேச்சு விடுங்க, செம்மண்ணு பூந்தா ஜிப் ஒரு வருஷத்துல போயிடும். காருக்கு அடில ப்ரெஷர் வாஷ், ஏர் ஃபில்டர் மாத்தறது. ட்ரிப்ல போட்ட வெள்ளை சாக்ஸ தூக்கி போட்டுடுங்க, அது இனிமே வெள்ளையாகாது.